லேபிள் இல்லாத சிரிஞ்ச்!

"ஆ...ஆ...ஆ!"

ஸ்ரீரங்கம் வகுளம் ஹாஸ்பிடலின் இரண்டாவது மாடியை உலுக்கியது அந்த அலறல்!

மணி காலை எட்டு இருபது.

ஆண்கள் வார்டில் படுத்திருந்த பன்னிரண்டு நோயாளிகளும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருந்த ஏட்டு வீரமலை, கையில் பாதி இட்லியோடு துள்ளி எழுந்தார்.

கொலையா?

இல்லை.

கொலை செய்ய வந்தவள்தான் அலறினாள்!

அவள் பானுப்ரியா. வயது இருபத்தொன்பது. ஊர் காட்டூர். இந்த நிமிடம் அவளுடைய வலது கை ஆள்காட்டி விரல், இன்சார்ஜ் சிஸ்டர் கமருன்னிசாவின் பிடியில் இருந்தது. சிஸ்டரின் இன்னொரு கையில்...

நகவெட்டி!

'டக்!'

ஊதா பாலிஷ் போட்ட நீள நகம் ஒன்று குப்பைத் தொட்டியில் விழுந்தது.

"சதையோட வெட்டிட்டீங்க சிஸ்டர்!"

"சதையில படவே இல்ல. ஒரு நகத்துக்கா இந்தக் கத்து கத்தறே? இன்னும் ஒம்போது பாக்கி இருக்கு. வாயை மூடிக்க, பேஷண்ட்டுங்க பயப்படறாங்க."

"ஆசையா வளர்த்தது சிஸ்டர்..."

"நீ நகத்தை வளர்க்கலம்மா. நகத்துக்குள்ள கிருமியை வளர்த்திருக்கே. அடுத்த விரலை நீட்டு!"

பானுப்ரியா நீட்டினாள்.

வேறு வழி?

யூனிஃபார்ம் போட்டாகிவிட்டது. போலி ஐ.டி. கார்டு மாட்டியாகிவிட்டது. 'இன்னைக்கு ஜாயின் பண்ற புது ஸ்டாஃப் நான்தான் சிஸ்டர்' என்று வாயாலும் சொல்லியாகிவிட்டது. உண்மையான புது ஸ்டாஃபுக்கு முந்தின நாள் சாயங்காலமே ஒரு போன் போயிருந்தது. 'நாங்க ஹாஸ்பிடல்லேர்ந்து பேசறோம். நீங்க வியாழக்கிழமை வந்தா போதும்.'

எல்லாம் அரவிந்தனின் ஏற்பாடு.

திருவெள்ளறைப் பக்கம் செங்கல் சூளை வைத்திருப்பவன் அரவிந்தன். நாலு நாளைக்கு முன்னால் தன் கூட்டாளியைக் கிணற்றில் தள்ளிக் கொன்றிருந்தான். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துத் திரும்பியவன், வாழைத் தோப்பு ஓரமாக ஒரு ஆள் ஓடுவதைப் பார்த்தான்.

அடைக்கலம்.

விவசாயி. வயது அறுபத்திரண்டு. ஓடிய வேகத்தில் வரப்பு தடுக்கி விழுந்து, தொடை எலும்பு முறிந்து, இப்போது இதே வார்டில் ஏழாம் நம்பர் கட்டிலில் கிடக்கிறார். 'யாரு தள்ளுனாங்கன்னு மாஜிஸ்ட்ரேட் அம்மாகிட்டதான் சொல்லுவேன். வேற யாருகிட்டயும் வாயைத் திறக்க மாட்டேன்' என்று போலீஸிடமே கறாராகச் சொல்லிவிட்டார்.

இன்று பகல் பன்னிரண்டு மணிக்கு மாஜிஸ்ட்ரேட் வருகிறார்.

அதற்குள் அடைக்கலம் பேச முடியாதவராக ஆகிவிட வேண்டும்!

பானுப்ரியா கொலைகாரி இல்லை. வேஷக்காரி. சர்வே எடுக்க வந்த டீச்சராக, கேஸ் அடுப்பு ரிப்பேர் பார்க்க வந்தவளாக, ஒரு கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையின் ஒன்றுவிட்ட அக்காவாக... வீடு வீடாக நுழைந்து, கிடைத்ததைச் சுருட்டிக்கொண்டு வருவதுதான் தொழில். போன மாதம் அரவிந்தன் வீட்டிலும் கை வைத்தாள். அங்கே கேமரா இருந்தது.

அந்த வீடியோ இப்போது அரவிந்தனின் போனில்.

'ஒரே ஒரு ஊசி. போட்டுட்டு வந்தா வீடியோவை உன் கண்ணு முன்னாடியே அழிச்சிடறேன். இல்லேன்னா ஜெயில்' என்றிருந்தான். கூடவே இரண்டு சிரிஞ்ச்சுகள். உள்ளே தண்ணீர் மாதிரி ஏதோ ஒன்று.

'எதுக்கு ரெண்டு?' என்று கேட்டாள்.

'ஒண்ணு ஸ்பேர்!'

பத்தாவது நகமும் விழுந்தது.

"வளையல்?" என்றாள் கமருன்னிசா.

கழற்றினாள்.

"மோதிரம்?"

கழற்றினாள்.

"போன்?"

"போன் எதுக்கு சிஸ்டர்?"

"வார்டுல ஸ்டாஃபுக்கு போன் கிடையாது. என் டிராயர்ல இருக்கும். டியூட்டி முடிஞ்சதும் வாங்கிக்க."

போனும் போயிற்று.

கமருன்னிசா கண்ணாடியை இறக்கி, அதற்கு மேலாக அவளை ஏற இறங்கப் பார்த்தாள். இருபத்தாறு வருட சர்வீஸ். எக்ஸ்ரே எடுக்கிற பார்வை!

"உன் மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது, நீ எதுக்கு இங்க வந்திருக்கேன்னு!"



"எ... எதுக்கு சிஸ்டர்?"

"ஒரு வருஷம் ஓட்டிட்டு, எக்ஸ்பீரியன்ஸ் சர்ட்டிபிகேட் வாங்கிக்கிட்டு துபாய்க்குப் பறந்துடணும். அதானே? போ, போய்க் கையைக் கழுவு!"

★

ஒன்பது பத்து.

கமருன்னிசா ஜன்னல் பக்கம் ஒரு நோயாளியின் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகு இந்தப் பக்கம்.

இதுதான் சமயம்!

பானுப்ரியா ஒரு ட்ரேயை எடுத்தாள். இடுப்பில் செருகியிருந்த சிரிஞ்ச் ஒன்றை உருவி அதில் வைத்தாள். பஞ்சு போட்டு மறைத்தாள். நேராக ஏழாம் நம்பர் கட்டில்.

அடைக்கலம் கண்ணை மூடிக் கிடந்தார். காலில் பெரிய கட்டு. கையில், மருந்து ஏற்றுவதற்கான வென்ஃப்ளான் ஊசி ஏற்கெனவே குத்தி வைத்திருந்தது. அதில் சிரிஞ்ச்சைப் பொருத்தி ஒரு அழுத்து அழுத்தினால்...

சிரிஞ்ச்சை எடுத்தாள்.

"நில்லு!"

முதுகுக்குப் பின்னால் கமருன்னிசா!

எப்போது வந்தாள்? எப்படி வந்தாள்? செருப்புச் சத்தம்கூடக் கேட்கவில்லையே!

"கையில என்ன?"

"இன்... இன்ஜெக்‌ஷன் சிஸ்டர்."

"யாருக்கு?"

"ஏழாம் நம்பருக்கு."

"ஏழாம் நம்பர்ங்கறது கட்டிலு. கட்டிலுக்கா ஊசி போடப் போறே?"

"இல்ல சிஸ்டர்... பேஷண்ட்டுக்கு..."

"பேஷண்ட்டுக்குப் பேரு கிடையாதா? கேளு. அவரு வாயால சொல்லணும். கையில கட்டியிருக்கற பட்டையில அதே பேரு இருக்கணும். கேஸ் ஷீட்லயும் இருக்கணும். மூணும் ஒத்துப் போனாதான் ஊசியே. ம்... கேளு!"



கொல்லப் போகிறவரிடம் பெயர் கேட்பதா!

"உ... உங்க பேரு என்னங்கய்யா?"

அடைக்கலம் கண்ணைத் திறந்தார். சிரித்தார். முன்பல் ஒன்று இல்லை.

"அடைக்கலம் கண்ணு. திருவெள்ளறை. உன் பேரு?"

"பா... பானு."

வாய் தவறி உண்மையான பெயரையே சொல்லிவிட்டாள்!

"நல்ல பேரு. வலிக்காம போடு கண்ணு. நேத்து வந்த பொண்ணு மம்பட்டி போடற மாதிரி போட்டுச்சு."

"பேரு சரி. அடுத்தது," என்றாள் கமருன்னிசா. "என்ன மருந்து?"

"அது... வலிக்கு..."

"வலிக்கு ஆயிரம் மருந்து இருக்கு. சிரிஞ்ச் மேல லேபிள் எங்க?"

பானுப்ரியா சிரிஞ்ச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"யாரு எழுதிக் குடுத்தா?"

"டாக்டர் வாயால சொன்னாரு சிஸ்டர்."

"எந்த டாக்டரு?"

"பெரிய டாக்டர்."

"பெரிய டாக்டர் மூணு நாளா கொடைக்கானல்ல இருக்காரு. கனவுல வந்து சொன்னாரா?"

வார்டு சிரித்தது. பானுப்ரியா சிரிக்கவில்லை.

கமருன்னிசாவும் சிரிக்கவில்லை. சிரிஞ்ச்சை வாங்கினாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒட்டினாள். தேதி, நேரம், கையெழுத்து. மருந்து அலமாரியின் மேல் தட்டில் வைத்துப் பூட்டினாள்.

"கீழ ஊத்திடலாமே சிஸ்டர்..."

"என்னன்னு தெரியாததை ஊசியிலயும் ஏத்தக் கூடாது, சிங்க்லயும் ஊத்தக் கூடாது. ஃபார்மஸியிலேர்ந்து வந்து பார்க்கட்டும். இருபத்தாறு வருஷத்துல பேரில்லாத மருந்தை ஒரு உசுருக்குள்ள நான் விட்டதில்ல, தெரிஞ்சுக்க. இன்னைக்குப் பூரா நீ மருந்து ட்ரேயைத் தொடக் கூடாது. டியூட்டி முடியறதுக்குள்ள இன்ஸிடென்ட் ரிப்போர்ட் எழுதிக் குடு."

"அப்படின்னா?"

"என்ன பண்ணே, ஏன் பண்ணே, எத்தனை மணிக்குப் பண்ணே... உள்ளது உள்ளபடி எழுதணும். உன்னைத் திட்டறதுக்கு இல்லம்மா. தப்பு எல்லாருக்கும் வரும். நானும் ரெண்டு தடவை எழுதியிருக்கேன். மறைச்சா மட்டும்தான் நான் மனுஷியா இருக்க மாட்டேன்!"

பானுப்ரியா இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

ஸ்பேர் பத்திரமாக இருந்தது.

★

அடுத்த ஒன்றரை மணி நேரத்தில் அவள் ஆறு முறை கை கழுவினாள்.

உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நுனிவிரல், மணிக்கட்டு. ஒன்றை விட்டால் மறுபடி முதலிலிருந்து! காட்டூர் வீட்டில் ஒரு வருஷத்தில் செலவாகிற சோப்பு இங்கே ஒரே காலையில் கரைந்தது.

நாலு கட்டிலுக்கு விரிப்பு மாற்றினாள். படுக்கைப் புண் வராமல் ஒருவரை எப்படி ஒருக்களித்துப் படுக்க வைப்பது என்று கற்றுக்கொண்டாள். யாரும் அவளைத் தனியாக விடவில்லை. கமருன்னிசாவின் நிழலிலேயே நடந்தாள்.

நாலாம் கட்டிலில் ரங்கராஜ மாமா. சித்திரை வீதிக்காரர். எண்பது வயது. உடம்பு துடைத்துவிட வேண்டும். பானுப்ரியா பட்டென்று போர்வையை இழுக்கப் போனாள்.

கமருன்னிசா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"திரையை யாரு போடுவா?"

"பெரியவர்தானே சிஸ்டர்..."

"அதனால? படுத்த படுக்கையா ஆயிட்டா மனுஷன் மானத்தை வாசல்ல கழட்டி வெச்சிட்டு வரணுமா? திரையைப் போடு. துடைக்கற இடத்தை மட்டும் திற, மத்ததை மூடு. அவருகிட்ட சொல்லிட்டுத் தொடு."

திரை போட்டாள். சொல்லிவிட்டுத் தொட்டாள்.

"க்ஷேமமா இரும்மா கொழந்தே," என்றார் மாமா, கண்ணை மூடியபடி.

பானுப்ரியாவை யாரும் வாழ்த்தி ரொம்ப வருஷம் ஆகியிருந்தது. அவள் வாழ்க்கையில் பார்த்தவர்கள் எல்லாம் பீரோவைத் திறந்து பார்த்துவிட்டுச் சாபம்தான் கொடுத்திருந்தார்கள்.

"வாழ்த்தை அப்பறம் வாங்கிக்க," என்றாள் கமருன்னிசா. "பேஷண்ட்கிட்ட போனா முதல்ல எதைப் பார்ப்பே?"

"கேஸ் ஷீட்டை..."

"மூஞ்சியை! வேர்த்திருக்கா, வெளுத்திருக்கா, பேச்சு குழறுதா... மூஞ்சி சொல்ற அளவுக்கு எந்த மிஷினும் சொல்லாது. போ, ஏழுக்குத் தண்ணி ஜக்கை மாத்து."

மணி பத்து ஐம்பது.

பானுப்ரியா ஜக்கோடு போனாள். கமருன்னிசாவின் மேஜையில் இன்டர்காம் அலறியது. சிஸ்டர் அந்தக் கோடிக்கு நடந்தாள்.

ஏழாம் கட்டில் பக்கம் யாரும் இல்லை!

ஏட்டு வீரமலை வாசலில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

பானுப்ரியாவின் கை இடுப்புக்குப் போனது. ஸ்பேர் சிரிஞ்ச்... விரலில் பட்டது.

நிமிர்ந்து மூஞ்சியைப் பார்த்தாள்.

பழக்கமாகிவிட்டிருந்தது, பாவம்!

அடைக்கலத்தின் நெற்றி முழுக்க வேர்வை. ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறது, இவர் சட்டை நனைந்து கிடக்கிறது. உதடு வெளுத்திருந்தது. விரல்கள் நடுங்கின.

"ஐயா?"

"வெள்ளையம்மா... மாட்டை... அவுத்துக் கட்டு..."

பேச்சு குழறியது. கண் செருகியது.

பானுப்ரியா உறைந்து நின்றாள்.

சாகிறார்!

தானாகவே சாகிறார்!

ஊசி வேண்டாம். ஒன்றுமே வேண்டாம். ஜக்கைக் கையில் வைத்துக்கொண்டு இப்படியே நின்றால் போதும். கொலையும் இல்லை, கேஸும் இல்லை. வீடியோ அழிந்துவிடும். காட்டூர் பஸ் ஏறிப் போய்விடலாம்.

ஒரு விநாடி.

இரண்டு விநாடி.

'வலிக்காம போடு கண்ணு.'

மூன்று...

"சிஸ்டர்ர்ர்ர்ர்!"

அந்த அலறலில் இன்டர்காம் ரிஸீவர் கமருன்னிசாவின் கையிலிருந்து நழுவியது. அடுத்த நிமிடம் கட்டில் பக்கத்தில் இருந்தாள். ஓடி வந்தாளா, பறந்து வந்தாளா, தெரியாது.

"என்ன பார்த்தே? சொல்லு!"

"வேர்க்குது சிஸ்டர்! உளர்றாரு! கை நடுங்குது!"

"காலையில இன்சுலின் போட்டாச்சே... சாப்ட்டாரா?"

"சாப்பிடல சிஸ்டர்! காலையில வார்டுக்குள்ள வர்றப்ப பார்த்தேன். இட்லி சோப்பு மாதிரி இருக்குன்னு ஏட்டுகிட்ட குடுத்துட்டாரு. உங்ககிட்ட சொல்ல வேணாம்னு அவருகிட்ட சொன்னாரு!"

வாசலில் வீரமலை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். காலையில் அவர் தின்றது அரசாங்கச் சாட்சியின் டிபன்!

கமருன்னிசா விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாள்.

எழுபதுக்குக் கீழே போகக் கூடாத சுகர், முப்பத்தெட்டு!

பானுப்ரியா ஓடிப்போய்ப் பக்கத்து மேஜையிலிருந்த டீயை எடுத்தாள்.

"ஊத்தாதே! மயக்கத்துல இருக்கறவங்க வாயில எதையும் ஊத்தக் கூடாது. புரையேறிடும்! இன்டர்காமை எடு, டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டு ஸ்பீக்கர்ல போடு!"

போட்டாள். டாக்டர் சொன்னார். கமருன்னிசா ஒவ்வொரு வார்த்தையையும் திருப்பிச் சொன்னாள். இருபத்தஞ்சு பர்சென்ட் டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ். நூறு மில்லி. பாட்டிலைக் கையில் எடுத்தவள், லேபிளை உரக்கப் படித்தாள்.

இந்த அவசரத்திலும் படித்தாள்!

"நீயும் படி! ரெண்டு பேரு பார்க்கணும்!"

"இ... இருபத்தஞ்சு பர்சென்ட்... டெக்ஸ்ட்ரோஸ்..."

மருந்து இறங்கியது.

டாக்டர் படியேறி ஓடி வந்தார். வார்டு மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தது.

நாலு நிமிடம்.

அடைக்கலம் கண்ணைத் திறந்தார்.

"என்ன... எல்லாரும் நிக்கிறீங்க? மாஜிஸ்ட்ரேட் அம்மா வந்துட்டாங்களா?"

"எல்லாம் ரங்கன் கிருபை!" என்றார் நாலாம் கட்டில் மாமா, கையைத் தலைக்கு மேல் குவித்து.

"ரங்கனும் கொஞ்சம் டெக்ஸ்ட்ரோஸும் மாமா," என்றாள் கமருன்னிசா. பிறகு திரும்பினாள். "யாரு முதல்ல பார்த்தது?"

"நான்தான் சிஸ்டர்."

"ம்."

அவ்வளவுதான்.

ஆனால் அந்த 'ம்' காதில் விழுந்தபோது பானுப்ரியாவுக்குக் கண் கலங்கியது. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

★

பதினொன்று முப்பது.

வார்டு வாசலில் ஒரு சாத்துக்குடிப் பை. அதற்குப் பின்னால் அரவிந்தன்!

வெள்ளைச் சட்டை. நெற்றியில் சந்தனம். முகத்தில் கவலை மாதிரி ஒன்று.

"அடைக்கலம் அண்ணனைப் பார்க்கணும் சிஸ்டர். ரொம்ப வேண்டியவங்க."

"விசிட்டர்ஸ் நேரம் நாலுலேர்ந்து ஆறு."

"எப்படி இருக்காரு? உசுருக்கு ஒண்ணும்..."

"பேஷண்ட்டோட விவரத்தை நாங்க வெளில சொல்றதில்ல."

"அட, ஒரு நிமிஷம் பார்த்துட்டுப் போயிடறேங்க."

"நாலு மணிக்குப் பாருங்க. நிதானமா பாருங்க."

வீரமலைக்கு அவனை அடையாளம் தெரியாது. யாருக்கும் தெரியாது. தெரிந்தவர் பன்னிரண்டு மணிக்குத்தான் வாயைத் திறக்கப் போகிறார்!

கமருன்னிசா உள்ளே திரும்பிய அந்த ஒரு நொடியில் அரவிந்தன், வாசலோரம் நின்ற பானுப்ரியாவின் பக்கத்தில் வந்தான். உதடு அசையாமல் பேசினான்.

"ஒம்போது தடவை கூப்டேன். போனை ஏண்டி எடுக்கல?"

"சிஸ்டர் வாங்கி வெச்சிட்டாங்க."

"அவன் இன்னும் பேசிக்கிட்டிருக்கான்! ஊசி?"

"அதையும் சிஸ்டர் வாங்கி வெச்சிட்டாங்க."

"ஸ்பேர் இருக்குல்ல? பதினஞ்சு நிமிஷம். இல்லேன்னா வீடியோ நேரா எஸ்.பி. ஆபீஸுக்குப் போகும். நான் கீழ நிக்கறேன்."

பானுப்ரியா அவன் முகத்தைப் பார்த்தாள்.

சந்தனத்துக்குக் கீழே வேர்வை. உதடு வெளுத்திருந்தது. இவன்தான் பயப்படுகிறான்!

அவள் உள்ளே போனாள். கமருன்னிசாவின் மேஜைக்கு எதிரில் நின்றாள்.

"சிஸ்டர், இன்ஸிடென்ட் ரிப்போர்ட் ஃபார்ம் குடுங்க."

"டியூட்டி முடியட்டுமே."

"இல்ல சிஸ்டர். இப்பவே எழுதிடறேன். அப்பறம்னா தைரியம் வராது."

எழுதினாள். எட்டாம் வகுப்புக்குப் பிறகு அவள் இவ்வளவு எழுதியதே இல்லை.

கமருன்னிசா கண்ணாடியைச் சரி செய்துகொண்டு படித்தாள்.

'என் பெயர் பானுப்ரியா. நான் நர்ஸ் இல்லை. காலை 9.10க்கு அடைக்கலம் ஐயாவைக் கொல்ல ஊசி எடுத்துப் போனேன். சிஸ்டர் கேள்வி கேட்டதால் முடியவில்லை. 10.50க்கு மறுபடி கொல்லலாம் என்று போனேன். மூஞ்சியைப் பார்த்தேன். முடியவில்லை. என்னை அனுப்பியது அரவிந்தன். கிணற்றில் தள்ளியதும் அவன்தான். சாத்துக்குடியோடு வெளியே நிற்கிறான். இன்னொரு ஊசி என்னிடம் இருக்கிறது.'



கமருன்னிசா கண்ணாடியைக் கழற்றினாள். துடைத்தாள். மறுபடி மாட்டினாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"தேதி போடல," என்றாள்.

குரல் லேசாக உடைந்திருந்தது.

பானுப்ரியா தேதி போட்டாள்.

"கையெழுத்து."

போட்டாள்.

"அந்த இன்னொண்ணு?"

இடுப்பிலிருந்து எடுத்து ட்ரேயில் வைத்தாள். கமருன்னிசா கவரில் போட்டு ஒட்டினாள். தேதி, நேரம், கையெழுத்து. ஒரு எழுத்துக்கூடக் கோணவில்லை. ஆனால் பேனா மூடியைப் போட மூன்று முறை முயன்றாள்.

"இனிமே பேஷண்ட் பக்கம் நீ ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது. இந்த ஸ்டூல்ல, என் கண்ணு முன்னாடி உக்காரு."

"சரி சிஸ்டர்."

"அழாதே. மூக்கைத் துடை. துடைச்ச பஞ்சை மஞ்சள் தொட்டியில போடு."

கமருன்னிசா இன்டர்காமில் மெதுவாக இரண்டு வாக்கியம் பேசினாள். வீரமலையின் காதில் ஒரு வாக்கியம் சொன்னாள். ஏட்டுக்கு விக்கல் வந்தது. நேராக ஏழாம் கட்டிலுக்குப் போய், அடைக்கலத்தை மறைத்துக்கொண்டு லத்தியோடு நின்றார்.

பிறகு அவள் மாடிப்படிக்கு வந்தாள். கீழே அரவிந்தன்.

"சார்! மேல வாங்க!"

"பார்க்கலாமா சிஸ்டர்?"

"பார்க்கலாம். ஸ்பெஷல் பர்மிஷன் வாங்கிட்டேன். அதுக்கு முன்னாடி இந்த ஃபார்மைப் பூர்த்தி பண்ணுங்க."

"எத்தனை பக்கம்ங்க?"

"நாலுதான். பெரிய எழுத்துல, அடித்தல் திருத்தல் இல்லாம. தப்பு வந்தா புதுசா ஒண்ணு தரேன்."

அரவிந்தன் பெஞ்சில் உட்கார்ந்தான். பெயர் எழுதினான். தகப்பனார் பெயர் எழுதினான். முகவரி எழுதினான். ஆதார் நம்பர் எழுதினான்!

மூன்றாம் பக்கத்தில் 'நோயாளிக்கும் உங்களுக்கும் உள்ள உறவு' என்ற இடத்தில் பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தான். 'நலம் விரும்பி' என்று எழுதினான்.

நிமிர்ந்தபோது எதிரில் காக்கி நிறம்.

இன்ஸ்பெக்டர் பாக்கியநாதன்!

"எழுதி முடிச்சிட்டீங்களா சார்? மிச்சத்தை ஸ்டேஷன்ல எழுதிக்கலாம்."

அரவிந்தன் பாய்ந்தான். சாத்துக்குடிப் பை கவிழ்ந்தது. படியில் உருண்ட பழம் ஒன்றில் அவனே கால் வைத்தான். மிச்சப் படிகளை உட்கார்ந்தபடியே இறங்கினான்.

கீழே இரண்டு கான்ஸ்டபிள்கள் அவனை வாங்கிக்கொண்டார்கள்.

★

காவேரிப் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்ட மாஜிஸ்ட்ரேட், பன்னிரண்டே காலுக்கு வந்து சேர்ந்தார். எல்லாரும் வெளியே அனுப்பப்பட்டார்கள். டாக்டர் 'பேசலாம், தெளிவா இருக்காரு' என்று எழுதிக் கொடுத்தார். அடைக்கலம் ஒன்று விடாமல் சொன்னார். கதவு திறந்தபோது மாஜிஸ்ட்ரேட்டின் கையில் ஒன்பது பக்கம்.

வராந்தாவில் பானுப்ரியா நின்றாள். இரண்டு பக்கமும் பெண் போலீஸ். பயம் இருந்தது. அதைவிட, மார்புக்குள்ளிருந்து ஒரு பாறையை யாரோ எடுத்து வெளியே வைத்த மாதிரி இருந்தது.

"ஒப்புதல் வாக்குமூலம்ங்கறது பெரிய விஷயம்மா," என்றார் பாக்கியநாதன். "அவரு உசுரைக் காப்பாத்துனதையும் டாக்டரே எழுதிக் குடுத்திருக்காரு. கோர்ட்ல அதையும் சொல்லுவோம். வீடியோ கேஸ் தனி. அதை நீ சந்திச்சுத்தான் ஆகணும்."

"சந்திக்கறேன் சார்."

கமருன்னிசா வெளியே வந்தாள். இன்ஸ்பெக்டர் அவளுக்கு ஒரு சல்யூட்டே அடித்தார்!

"பிரமாதம் சிஸ்டர்! ஒரு கொலைகாரியைப் பக்கத்துலயே வெச்சிக்கிட்டு, மூணு மணி நேரம் மருந்தைத் தொட விடாம, பேஷண்ட்கிட்ட தனியா விடாம... போலீஸ் டிரெய்னிங்லகூட இதைச் சொல்லித் தர்றதில்ல! எப்ப கண்டுபுடிச்சீங்க? நகம் வெட்டறப்பவா? லேபிள் இல்லாத சிரிஞ்ச்சைப் பார்த்தப்பவா?"

பானுப்ரியா தலையை நிமிர்த்தினாள். அவளுக்கும் அதுதான் தெரிய வேண்டும். அந்த எக்ஸ்ரே பார்வை! சத்தமில்லாத அந்த நடை! முதல் நிமிடமே தெரிந்துகொண்டுதான் தன்னை ஆட்டி வைத்திருக்கிறாள்!

கமருன்னிசா இன்ஸ்பெக்டரை விநோதமாகப் பார்த்தாள்.

"எதைக் கண்டுபுடிச்சேன்?"

"இவ நர்ஸ் இல்லைன்னு!"

"அதை அவ எழுதிக் குடுத்து, நான் ரெண்டு தடவை படிச்சப்பறம்தான் சார் எனக்கே தெரியும்!"

"என்னது! நகம் வளர்த்திருக்கா, பேரு கேக்கத் தெரியல, மருந்து பேரு தெரியல, திரை போடத் தெரியல... உங்களுக்குச் சந்தேகமே வரலியா?"

"எதுக்கு வரணும்? இந்த வருஷம் எனக்கு வந்த அஞ்சு புது ஸ்டாஃப்ல இவதான் சார் பெஸ்ட்டு!"



கமருன்னிசா குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் வந்தாள்.

"ஏன் சார்... இவளுக்கு ஜாமீன் எப்ப கிடைக்கும்? நாளைக்கு மார்னிங் ஷிஃப்ட்டுக்கு எனக்கு ஆள் இல்ல!"